மவுண்ட் ஆடிப்போச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் மீன் முள்ளையும் உருளைக்கிழங்குத் தோலையும் வாளியில் தட்டிவிட்டு, சமையலறை மேசையை ஒருமுறைக்கு இருமுறை துடைத்து, அதன்மேல் போன வாரத்துச் செய்தித்தாளை விரித்தாள் ரைலி. பழைய ஜீன்ஸ் காலில் தானே தைத்து மணல் நிரப்பிய இரண்டு பைகளை அதன்மேல் வைத்தாள். கணவன் தைஸ்தோவின் துப்பாக்கியை அந்தப் பைகளில் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, அதன் முதுகில் இருந்த, குறிபார்க்கும் பழைய ஸ்கோப்பைக் கழற்ற உட்கார்ந்தாள்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தவள், திருப்புளியை வைக்காமல் அப்படியே இருந்துவிட்டாள்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்துவது மவுண்ட். அடியில் ஒரு தகடு, அதன்மேல் இரண்டு வளையம், எல்லாவற்றையும் இறுக்கச் சின்னச் சின்னத் திருகுகள். ரைலி ஒரு மவுண்டைப் பொருத்தி முடித்தால், ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் வளையத்தின் விளிம்புவரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவாள். திருகு மயிரிழை சுழன்றாலும் கோடு ரெண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்த கோடுகளில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன.

"தைஸ்தோ, இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டாள்.

அடுத்த அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவன் காலுறையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்தான்.

"கோடு எதுவும் உடையல. பாரு."

"அப்ப அடித்தகடு ஆடியிருக்கும்."

வளையங்களைக் கழற்றித் தகட்டைக் காட்டினாள். அங்கேயும் சிவப்புக் கோடுகள் முழுசாக இருந்தன. தைஸ்தோ குனிந்து பார்க்கவில்லை. கன்னத்தைச் சொறிந்துகொண்டான்.

"அப்ப ஸ்கோப்புக்குள்ள கண்ணாடி ஆடியிருக்கும். எத்தனை வருஷத்துப் பழசு! அதுக்குத்தானே புதுசு வாங்கியிருக்கு."

"மவுண்ட் இல்லல்ல?"

"இல்லன்னுதான் வச்சுக்கோயேன்."

"அதை ஆர்விகிட்டயும் வேட்டைக்குழுவுல மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன்" என்று அவன் ரேடியோவுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

விஷயம் போன அக்டோபரில் நடந்தது. லம்மின்வாரா வேட்டைக்குழுவுக்குத் தலைவன் தைஸ்தோதான். யார் எங்கே நிற்பது, நாயை எந்தப் பக்கமிருந்து விடுவது, சுடலாமா வேண்டாமா எல்லாம் அவன் வாயிலிருந்து வரவேண்டும். அப்படிப்பட்டவன் சதுப்பு ஓரத்தில் தன் நிலையில் நின்று ஒரு மூஸ் காளையைச் சுட்டான். குதிரையைவிடப் பெரிய மான் அது. நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. அடிபட்ட மிருகம் ஓடினால் அதைத் தேடி முடிக்கும்வரை குழுவில் யாரும் வேறொன்றைத் தொடக்கூடாது. ஆட்கள் முழங்கால்வரை நீரில் மழையோடு மழையாய் அலைந்தார்கள். மறுநாள் ஆர்வியின் சாம்பல் நாய்தான் கண்டுபிடித்தது. ஓடைக்குள் விழுந்து, வயிறு ஊதிக் கிடந்தது. கறி ஒரு துண்டுகூடத் தேறவில்லை.

நெருப்பைச் சுற்றி எல்லோரும் ஈரக் கையுறைகளைக் காயவைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் தைஸ்தோ சொன்னான்: "மவுண்ட் ஆடிப்போச்சு."

மவுண்ட் என்றால் ரைலி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் ஸ்கோப் வாங்கினாலும் பொருத்திக்கொடுப்பது அவள்தான்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு விபத்து மாதிரி. கல்யாணமான புதிதில் கோட்டுகள் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள், தைக்கிறவளாக அல்ல, தையல் இயந்திரங்களைச் சீர்செய்கிறவளாக. தொழிற்சாலை மூடியதும் ஊர் முனையில் உரம், ஆணி, மாட்டுத் தீவனம், தோட்டா எல்லாம் விற்கும் கடையில் சேர்ந்தாள். அங்கே இருந்த விற்பனையாள் ஸ்கோப்பைப் பொருத்துவது வண்டிச் சக்கரம் மாட்டுவது போல இருக்கும். இறுக்கின இறுக்கில் குழாய் நசுங்கி, வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து எறிவார்கள். ரைலி செய்ததெல்லாம் ஒன்றுதான்: பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துப் படித்தாள். ஆண்கள் யாரும் அதைப் படிப்பதில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. திருகு ஓட்டைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், முன் திருகு நீளமாக இருந்தால் உள்ளே போய் இடிக்கும், எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தையல் இயந்திரத் திருகுகளைப் பார்த்த கைக்கு இதொன்றும் பெரிதில்லை. செப்டம்பர் வந்தால் அவள் சமையலறையில் துப்பாக்கிகள் வரிசை கட்டி நிற்கும். பதிலுக்கு ஒருவர் புகைபோட்ட மீன் கொண்டுவருவார், ஒருவர் காளான் கொண்டுவருவார்.

இந்தச் செப்டம்பரில் மூன்று பேர் வரவில்லை. துப்பாக்கியை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவன் ஆர்வி. அவர்கள் தெருவில் பார்த்தால் வழக்கம்போலத் தலையாட்டினார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்கள். அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. ஒரு வருஷமாக அவள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். எங்கே தப்பு, எந்தத் திருகை மறந்தேன், ஸ்பிரிட் காயுமுன்னே மாட்டிவிட்டேனா? கழற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டபோதெல்லாம் தைஸ்தோ "விடு, அடுத்த வருஷம் புதுசா மாத்திக்கலாம்" என்று துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். இன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது.

கை தப்பவில்லை. அந்த நிம்மதியே போதும் என்று நினைத்துக்கொண்டு புது வளையங்களை எடுத்தாள்.

வளையம் வாங்கியதிலேயே ஒரு சண்டை நடந்திருந்தது. ஸ்கோப் துப்பாக்கியோடு எவ்வளவு தாழ்வாக ஒட்டி உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. அப்போதுதான் கன்னம் துப்பாக்கியின் கட்டையில் படியும், கண் தானாக நடுவுக்கு வரும். முன்கண்ணாடி துப்பாக்கிக் குழாயில் இடிக்காமல், பின்னால் தோட்டா ஏற்றும் கைப்பிடி தட்டாமல் இருந்தால் போதும். அவள் கடையிலிருந்து தாழ்வில் ஒரு ஜோடியும் நடுத்தரத்தில் ஒரு ஜோடியும் கொண்டுவந்து காட்டினாள்.

"இதைவிட உயரம் இல்லையா?" என்றான் தைஸ்தோ.

"எதுக்கு? கழுத்தை நீட்டி வேலிக்கு மேல எட்டிப் பாக்கப்போறியா?"

"குளிர்ல தொப்பி, காலர், எல்லாம் தட்டுது. உயரமா இருந்தா வசதி."

"முப்பது வருஷமா தட்டாத காலர் இப்பத் தட்டுதாக்கும்."

"கடைக்காரி சாமானை வித்தாப் போதும். வாங்கறவன் கேட்டதைக் குடு."

அவள் திரும்பிப் போய், இருப்பதிலேயே உயரமான ஜோடியைக் கொண்டுவந்தாள். யாராவது வெளியாள் அதைக் கேட்டிருந்தால் மறுத்தே இருப்பாள். வீட்டு ஆள் ஆயிற்றே.

இப்போது தகட்டை இறுக்கினாள். கீழ் வளையங்களை வைத்தாள். புது ஸ்கோப்பை அவற்றில் படுக்க வைத்து, மேல் வளையங்களை விரலால் மட்டும் திருகி, நகர்த்தினால் நகரும் அளவுக்கு விட்டாள். அடுப்பில் ரை தானிய மாவு அப்பங்கள் வெந்துகொண்டிருந்தன. நடுவில் அரிசிக் கஞ்சி வைத்து ஓரம் சுருக்கிய அப்பங்கள். சமையலறை அனலாக இருந்தது.

"கோட்டைப் போட்டுட்டு வா" என்றாள்.

இது அவள் வைத்த சட்டம். வெறும் சட்டையோடு நின்று கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைக் குறித்தால், குளிர்காலக் கோட்டின் தடிமன் சேர்ந்ததும் எல்லாம் தப்பிப்போகும். அதனால் வருகிறவன் யாராக இருந்தாலும் ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் வியர்க்க வியர்க்க நிற்க வேண்டும். தைஸ்தோவும் நின்றான்.

"கண்ணை மூடு. துப்பாக்கியைத் தூக்கித் தோள்ல வை. கன்னத்தை வசதியா வை. ம், இப்பத் திற. வட்டம் முழுசாத் தெரியுதா? ஓரத்துல கறுப்பு நிழல் வருதா?"

"முழுசாத் தெரியுது. நிழல் இல்ல."

"எதைப் பாக்கறே?"

"கொட்டகைக் கதவை. ஆணிகூடத் தெரியுது. நல்ல கண்ணாடி."

அவள் ஸ்கோப்பை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினாள். "இப்ப?"

"இன்னும் நல்லா இருக்கு. இங்கயே வச்சிரு."

பென்சிலால் குறித்துவிட்டு, ஸ்கோப்பின் குறுக்குக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க அவள் மேசையைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஸ்கோப்பின் முன்கண்ணாடியைக் கறுப்பு ரப்பர் மூடி மூடியிருந்தது. அவள்தான் கழற்ற மறந்திருந்தாள்.

அந்த மூடி இருக்கும்போது அதற்குள் பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடியது ஒன்றே ஒன்றுதான், இருட்டு. கதவும் தெரியாது, ஆணியும் தெரியாது.

தைஸ்தோ இன்னும் கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைத் திறந்து, ஜன்னல் பக்கம் குறிபார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் பார்க்கிறவனைப் போலவே இருந்தான். அவள் கையை நீட்டி, சத்தம் வராமல் மூடியைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப?" என்றாள்.

"அதான் சொன்னேனே. அப்படியேதான் இருக்கு."

"சரி. கோட்டைக் கழட்டு."

அவன் போனபிறகு அப்பங்களை வெளியே எடுத்தாள். இரண்டு கருகியிருந்தன. பிறகு திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கினாள். இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தாள், சிவப்புக் கோடு போட்டாள். கை தன் வேலையைத் தானே செய்தது.

ஒரு கண் தெரியாதது பெரிய குற்றமா என்ன? ஊரில் எத்தனையோ பேர் ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்டுகிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். இடது தோளுக்கு மாறி இடது கண்ணால் சுடப் பழகிக்கொண்டவர்களும் உண்டு. கண்ணில் புரை என்றால் ஒரே காலைப்பொழுதில் அதை எடுத்துவிடுகிறார்கள். அவளை வாட்டியது கண் அல்ல. போன வருஷம் அந்தக் காளை வந்தபோது இவன் ஸ்கோப்புக்குள் என்னத்தைப் பார்த்தான்? ஒரு பழுப்பு மூட்டம். அதில் ஏதோ அசைந்தது, சுட்டான். இவனுக்கு அடுத்த நிலையில், ஒரு பிர்ச் மரப் புதருக்கு அப்பால், நின்றுகொண்டிருந்தது அவர்கள் மகள் ஹெல்யா.

கண்ணை ஒப்புக்கொண்டால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்காமல் சுட்டேன் என்று ஒரு வேட்டைத் தலைவன் எப்படிச் சொல்வான்? அதற்கு மவுண்ட் ஆடிப்போச்சு என்று சொல்வது சுலபம். மவுண்ட் வாய் திறந்து பேசப்போவதில்லை. மவுண்டைப் பொருத்தினவளும் பேசவில்லை.

அவள் அன்றைக்குக் கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் ஒருவர் சொல்லாததை இன்னொருவர் தோண்டுவது வழக்கமில்லை. தானாகச் சொல்லட்டும், சனிக்கிழமைதானே வேட்டை தொடங்குகிறது என்று நினைத்தாள். சும்மாவும் இருக்கவில்லை, வழி திறந்துவிட்டுப் பார்த்தாள்.

"கயானி டவுனுக்குக் கண் டாக்டரைப் பாக்கப் போறேன். கண்ணாடி மாத்தணும். நீயும் வாயேன், சேத்துக் காட்டிட்டு வந்துரலாம்" என்றாள் செவ்வாய்க்கிழமை, காபி ஊற்றிக்கொண்டே.

"எனக்கெதுக்கு? எனக்குப் பருந்துக் கண்ணு."

"பருந்துக்கும் வயசாகும்."

"பருந்துக்கு வயசாகும், பேச்சுக் குறையும். உனக்கு ரெண்டாவது நடக்கலியே" என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். கோப்பையை நீட்டும்போது அவன் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி வாங்கியதைப் பார்த்தாள். மேசையில் எல்லோரும் தனக்கு இடப்பக்கம் இருக்கும்படியான மூலையை அவன் எப்போது பிடித்துக்கொண்டான்? இரண்டு வருஷம் இருக்கும். ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னான், அவளும் நம்பினாள்.

புது ஸ்கோப் மாட்டினால் சரளைக்குழிக்குப் போய் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, குண்டு விழும் இடத்தைத் திருத்த வேண்டும். எப்போதும் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். அவன் சுடுவான், அவள் திருகைச் சுழற்றுவாள், நடுவில் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடுவார்கள். வியாழக்கிழமை அவள் கடையில் இருக்கும்போது அவன் தனியாகப் போய்விட்டு வந்தான். வீடு திரும்பியவள் பார்த்தது, இடது புருவத்துக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி.

"என்ன ஆச்சு?"

"கொட்டகைக் கதவு. காத்துல அடிச்சிருச்சு."

"உக்காரு. ஒழுங்கா ஒட்டலே, ரத்தம் வருது."

பிளாஸ்திரியை எடுத்தாள். பிறை மாதிரி வளைந்த வெட்டு, சுத்தமாக, கம்பாஸ் வைத்துப் போட்டதுபோல. வேட்டைக்காரர் வீட்டில் குழந்தைக்கும் அந்த வெட்டு என்னவென்று தெரியும். துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப்பின் பின்விளிம்பு புருவத்தில் வந்து இடிப்பது. ஆனால் வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அது வலது புருவத்தில்தான் விழும். இடது புருவத்தில் விழ வேண்டுமானால், துப்பாக்கி வலது தோளில் இருக்க, தலையைக் கட்டைக்கு மேலாகக் குறுக்கே சாய்த்து, கோழி தண்ணீர் குடிப்பதுபோலக் கழுத்தை நீட்டி, இடது கண்ணைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அதற்குத்தான் உயரமான வளையம். தாழ்வாக இருந்தால் கட்டை முகத்தில் முட்டும், தலை அந்தப் பக்கம் வராது. அவளே கடையிலிருந்து தேர்ந்து கொண்டுவந்து, அவளே இறுக்கிக்கொடுத்திருக்கிறாள்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்தாள். அவன் "ஸ்ஸ்" என்றான்.

"கதவு வட்டமா இருந்துச்சா, தைஸ்தோ?"

சொல்லப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். கையைப் புருவத்திலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

"காபி இருக்கா?" என்றான்.

"காகிதத்தைக் காட்டு. எங்க விழுந்துச்சுன்னு பாக்கறேன்."

"நனைஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன். நல்லாத்தான் விழுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெல்யா வந்து சேர்ந்தாள். கயானியில் பல் மருத்துவமனையில் நர்ஸ். அப்பாவைப் பார்த்துத்தான் வேட்டைக்கு வந்தவள், இது அவளுக்கு இரண்டாவது வருஷம். வந்ததும் கோட்டைக் கழற்றாமல் ஏலக்காய் பன் ஒன்றைக் கடித்துக்கொண்டே அப்பாவின் புருவத்தைப் பார்த்தாள். அதற்குள் ஆர்வியும் வந்துவிட்டான், மறுநாள் யார் எங்கே நிற்பது என்று பேசி முடிக்க. தைஸ்தோவின் பள்ளிக்கூடத் தோழன். வாய் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. மேசையில் வரைபடம் விரிந்தது. அடுத்த ஓரத்தில், மறுநாளைக்காகத் துடைத்து வைத்த துப்பாக்கி மணல் பைகள்மேல் கிடந்தது.

"அட! ஸ்கோப் முத்தம் குடுத்திருக்கு போல! இந்த வயசுல ஒனக்கு முத்தம் குடுக்க அதாவது இருக்கே" என்றான் ஆர்வி.

"வாயை மூடுடா."

"அதுவும் இடது பக்கம். அது எப்படிடா இடது பக்கம்?"

ஹெல்யா மெல்லுவதை நிறுத்தினாள். ரைலி காபிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இதோ, கேள்வியை அவன் தோழனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான், இனி ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

தைஸ்தோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஸ்கோப்பை ரொம்பப் பின்னால தள்ளி வச்சிட்டா. உதைக்கும்போது தலையைத் திருப்பினேன், இங்க பட்டுருச்சு."

"மறுபடியுமா?" ஆர்வி ரைலியைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா ரைலி, போன வருஷம் ஆடிப்போச்சு, இந்த வருஷம் இடிச்சிருச்சா? புருஷனை ஒழிச்சுக்கட்டறதுன்னு முடிவே பண்ணிட்டியா? நல்லவேளை நான் என்னோடதை நகரத்துக்குக் கொண்டுபோனேன்."

"காபி வேணுமா, வேண்டாமா?" என்றாள் ரைலி.

"கோவிச்சுக்காதே. ஊத்து, ஊத்து."

ஊற்றினாள். தட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை "சொல்றேன், சொல்றேன்" என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல் விரலை வரைபடத்தில் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"சதுப்பு ஓரம் நான். எனக்கு அடுத்த நிலை ஹெல்யா. போன வருஷம் மாதிரியே" என்றான் தைஸ்தோ. "பொண்ணு என் பக்கத்துல இருக்கட்டும்."

"அப்பாவும் பொண்ணும் ஒரு பக்கம்னா காளைக்குத் தப்பிக்க வழியே இல்ல" என்று ஆர்வி எழுந்தான். நாய்க்குச் சாப்பாடு வைக்க வேண்டும், விடியும் முன்னால் குழுவின் கூடாரத்தில் பார்க்கலாம் என்று சொல்லி, போகும்போது இன்னொரு பன்னை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவன் கார் முற்றத்தைத் தாண்டிச் சாலையில் ஏறும்வரை ரைலி ஜன்னலில் நின்றாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்து வந்து, துப்பாக்கி முன்னால் உட்கார்ந்து, முதல் வளையத்தின் முதல் திருகில் வைத்தாள். சிவப்புக் கோடு பிளந்தது.

"அம்மா, என்ன பண்றே? நாளைக்கு வேட்டை" என்றாள் ஹெல்யா.

"தெரியும்."

"ஏய், என்ன பண்றே?" தைஸ்தோ நாற்காலியைத் தள்ளினான். "சரளைக்குழியில போய்ச் சரி பண்ணினதும்மா அது! கழட்டினா மறுபடி முதல்லேருந்து சுடணும். இருட்டப்போகுது."

"ஸ்கோப்பை ரொம்பப் பின்னால தள்ளி வச்சிருக்கேன்னு சொன்னியே. தப்பா வச்சதைத் திருத்த வேண்டாமா?"

"அது ஏதோ பேச்சுக்குச் சொன்னது. ஆர்விகிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

அவள் நிறுத்தவில்லை. எதிரெதிராக, மாற்றி மாற்றி, இறுக்கிய அதே ஒழுங்கில் தளர்த்தினாள். மேல் வளையங்கள் வந்தன. ஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்கித் துண்டின்மேல் வைத்தாள். உயரமான வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். துப்பாக்கி முதுகில் வெறும் தகடு மட்டும் மிஞ்சியது. அந்தத் துப்பாக்கிக்கு வேறு குறிமுள் கிடையாது. ஸ்கோப் இல்லாமல் அது சும்மா ஒரு குழாய்.

"ஞாயித்துக்கிழமை உன்னைக் கோட்டோட நிக்க வச்சேனே" என்றாள். "அப்ப முன்மூடி போட்டே இருந்துச்சு. நான் கழட்ட மறந்துட்டேன். கொட்டகைக் கதவு தெரியுது, ஆணி தெரியுதுன்னு நீ சொன்னே."

ஹெல்யா அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். கையில் இருந்த பன்னை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

தைஸ்தோவின் கழுத்து சிவந்தது. "பழக்க தோஷத்துல சொல்லியிருப்பேன்."

"இருக்கலாம்."

"இதுக்கு மகளை வச்சுக்கிட்டுத்தான் பேசணுமா?"

"நாளைக்கு உன் பக்கத்து நிலையில நிக்கப்போறது அவதான். வேற யாரை வச்சுக்கிட்டுப் பேசறது?"

"அப்பா," என்றாள் ஹெல்யா, "போன வருஷம் அந்தக் காளை வந்தப்போ நான் புதரை விட்டு வெளியே வந்திருந்தேன். உங்களுக்குக் கை ஆட்டினேன். பாத்தீங்கல்ல?"

அவன் வாயைத் திறந்தான். பார்த்தேன் என்று சொல்லிவிடுவான் என்று ரைலி பயந்தாள். சொல்லவில்லை. மகளிடமாவது பொய் சொல்லவில்லையே என்று அவளுக்குச் சின்னதாக ஒரு ஆறுதல் வந்தது, வந்ததும் அதுவும் வலித்தது. அவனை ஊர்முன் நிறுத்த அவளுக்கு ஆசை இல்லை. ஆர்வி போகிறவரை காத்திருந்தது அதனால்தான். குளிர்காலம் முழுக்க மரக்கட்டை பிளந்து அடுக்கி, அவள் எழுவதற்குள் அடுப்பைப் பற்றவைக்கிறவன். வேறு எந்த விஷயத்திலும் அவன் பொய் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஒன்றில் தாழ்வான வளையங்கள், ஒன்றில் நடுத்தரம். கடைக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"இடது தோளுக்கு மாறிக்கோ. தாழ்வா வச்சுத் தர்றேன். ரெண்டு வாரம் சரளைக்குழியில கூட வந்து நிக்கறேன். அதுவரைக்கும் ஆர்வி குழுவை நடத்தட்டும், நீ நாயோட நட. இல்ல, கயானிக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வா, வலது பக்கத்துக்கே பொருத்தறேன். எது சொன்னாலும் செய்யறேன். ஆனா நீ சொல்லணும். கூடாரத்துல அவங்ககிட்டயும் நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. தைஸ்தோ மேசைமேல் பரப்பியிருந்த சாமான்களையே பார்த்தான், வளையம், திருகு, பஞ்சு, துண்டின்மேல் ஸ்கோப். கையை நீட்டி ஒரு உயர வளையத்தை எடுத்தான், உள்ளங்கையில் உருட்டினான், திரும்ப வைத்தான்.

"எந்தக் கண்ணுக்குப் பொருத்தட்டும், தைஸ்தோ?" என்றாள்.

அவன் துப்பாக்கியைத் தொடாமல் எழுந்தான். பிளாஸ்திரிக்கு மேலாகத் தொப்பியை இறக்கிக்கொண்டான். ஹெல்யா பாதி எழுந்து "அப்பா" என்றாள். அவள் தனக்கு இடப்பக்கம் இருக்கும்படி அவன் சுற்றி, நாற்காலி எதிலும் இடிக்காமல் நடந்து, நடைக்கதவைத் திறந்து வெளியே போனான். கதவை அடித்துச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வராதபடி மெதுவாக இழுத்து மூடிவிட்டுத்தான் போனான்.